மூன்று கட்டைத் தூரத்துக்கு எந்தச் சைக்கிள்?

மட்டக்களப்பு வாவிக்கரையில் வாழும் விவசாயக் குடும்பத்துக்குச் சைக்கிள் ஆடம்பரப் பொருளல்ல. மண்வெட்டியைப் போல அதுவும் ஒரு தொழிற்கருவி. 1990 ஆம் ஆண்டிலும், 2004 டிசெம்பர் கடற்கோளின்போதும், 2006, 2007 ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வுகளின்போதும் வீட்டையும் மாட்டையும் விட்டு ஓடிவந்த எமது மக்களிற் பலருக்குக் கூட வந்த சொத்து சைக்கிள் ஒன்றுதான். அதையும் வழியில் விட்டு வந்தவர்கள் உண்டு. கொண்டு வந்தவையும் உப்புக்காற்றிலும் சேற்றிலும் கிடந்து பழைய இரும்பாகிவிட்டன. எனவே, அடுத்த சைக்கிளாக எதை வாங்குவது என்ற கேள்வி பல வீடுகளில் எழுகின்றது.

கேள்வி சிறியதுதான். ஆனால், பிழையான முடிவெடுக்கும் குடும்பம் கடனில் விழுகின்றது. சரியான முடிவெடுக்கும் குடும்பத்தில் தகப்பன் நேரத்துடன் வட்டைக்குப் போகிறார், பிள்ளை நேரத்துடன் பாடசாலைக்குப் போகிறது. எனது கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். மூன்று நான்கு கட்டைத் தூரத்து அன்றாடப் பயணத்துக்கு, கியர் இல்லாத, உறுதியான, உங்கள் ஊர்ச் சைக்கிள் கடையிலேயே உதிரிப்பாகம் கிடைக்கக்கூடிய சாதாரண சைக்கிளே போதுமானது.

தவணையில் வரும் மோட்டார் சைக்கிள்

“கொஞ்சக் காசைக் கட்டினால் மோட்டார் சைக்கிளையே எடுக்கலாமே” என்று சிலர் நினைக்கின்றனர். தூர இடத்துக்குத் தொழிலுக்குப் போகிறவருக்கு அது தேவையாக இருக்கலாம். ஆனால், மூன்று கட்டை போய் மூன்று கட்டை திரும்புகிறவர் கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 10 கிலோமீற்றர். மாதத்தில் 25 நாளைக்கு 250 கிலோமீற்றர். லீற்றருக்கு 40 கிலோமீற்றர் ஓடும் வண்டிக்கு மாதம் 6 லீற்றருக்கு மேல் பெற்றோல் வேண்டும். 2022 ஜூனில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாவுக்கு விற்றது. அந்த விலையில் பெற்றோலுக்கு மட்டும் மாதம் 2,900 ரூபாவுக்கு மேல் போகும். லீசிங் தவணை, காப்புறுதி, வரிப்பத்திரம், ஒயில் எல்லாம் அதற்கு மேலதிகம்.

அந்த 2022 ஜூலையில் பங்கீட்டு முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர்தான் என்று வரையறுத்தார்கள். அதற்கும் வரிசையில் காத்துக் கிடந்தார்கள். சைக்கிள் வைத்திருந்தவர் எந்த வரிசையிலும் நிற்கவில்லை.

வேளாண்மைக்காரனின் வருமானம் அறுவடைக்கு அறுவடைதான் வருகின்றது. தவணையோ மாதாமாதம் வருகின்றது. இவ்விரண்டும் ஒத்துப்போகாதபோது ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் என்றாகிவிடும். நுண்கடன்களால் எமது பெண்கள் பட்ட பாட்டை நாம் அறிவோம். 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கமே பொறுப்பேற்க வேண்டியதாயிற்று. அந்தப் பாடத்தை மறந்துவிடலாகாது.

பளபளப்பைப் பார்த்து ஏமாறக்கூடாது

கடையில் கியர் சைக்கிள்கள் கண்ணைக் கவரும்படி நிற்கும். பிள்ளைகளும் அவற்றையே கேட்பார்கள். எமது பகுதி பெரும்பாலும் சமதரை. ஏற்ற இறக்கமில்லாத இடத்தில் கியருக்கு வேலை குறைவு. மலிவான கியர்த் தொகுதி முன்மாரி மழைச் சேற்றில் விரைவில் சிக்கிக்கொள்ளும். முன்பக்கத்தில் சுருள்வில் பூட்டிய மலிவுச் சைக்கிள்கள் பாரம் கூடியவை. வில்லுக்குள் உப்பு நீர் போனால் துருப்பிடித்து இறுகிவிடும். உரப்பையும் விறகுக்கட்டும் ஏற்றுவதற்கு ஏற்ற கரியரும் பலவற்றில் இல்லை.

உள்நாட்டு லுமாலாவோ, இந்தியாவிலிருந்து வந்த சாதாரண சைக்கிளோ, எதுவானாலும் வாங்குமுன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஊரில் சைக்கிள் திருத்துகிறவரிடம் போய், “இதற்கு ரயர், ரியூப், செயின், பெடல் இங்கே கிடைக்குமா?” என்று கேளுங்கள். ஒரு ரயருக்காக பஸ் ஏறி நகரத்துக்குப் போக வேண்டுமானால், அந்தச் சைக்கிள் மலிவானதல்ல.

பழையதை வாங்குவதாயின்

பழைய சைக்கிள் வாங்குவதில் வெட்கமில்லை. பார்த்து வாங்க வேண்டும்.

முதலாவதாக, பின்னால் நின்று பாருங்கள். இரு சில்லுகளும் ஒரே நேரில் நிற்க வேண்டும். பிறேமும் முன்கவையும் நெளிந்திருந்தால் எவ்வளவு மலிவாயினும் வாங்காதீர்கள். இரண்டாவதாக, பெடல் பூட்டியிருக்கும் அடிப்பகுதியையும் பின்சில்லுப் பூட்டையும் துரு அரித்திருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். பெயின்ற் புதிதாக இருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள். மூன்றாவதாக, செயினை அளவுகோலால் அளந்து பாருங்கள். புதிய செயினில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்கும். 12 அங்குலத்துக்கு மேல் அரைக்கால் அங்குலம் கூடியிருந்தால் செயின் தேய்ந்துவிட்டது. பற்சில்லும் தேய்ந்திருக்கக்கூடும். அந்தச் செலவை விலையிற் கழித்துப் பேசுங்கள். நான்காவதாக, விற்பவரின் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் பிறேம் இலக்கத்தையும் எழுதி ஒப்பமிட்ட துண்டொன்றைப் பெற்றுக்கொள்ளுங்கள். களவுச் சைக்கிள் என்றால் காசும் போகும், மானமும் போகும்.

வாங்கியவுடன் ஒருமுறை கழுவிப் பூட்டுவித்து, குண்டுகளுக்குப் புது கிறீஸ் இடுங்கள். வாவித் தண்ணீரில் இறங்கினால் அன்றே கிணற்று நீரால் கழுவித் துடைத்துச் செயினுக்கு ஒயில் விடுங்கள்.

ஓட்டுகிறவர் யார்?

குடும்பங்கள் பெரும்பாலும் கேட்க மறக்கும் கேள்வி இதுதான். தகப்பன் தன் உயரத்துக்கு வாங்குகிறார். பகலில் அது வட்டையில் நிற்கிறது. தாய் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடக்கிறாள். மூத்த மகள் மேல்வகுப்புப் பாடசாலை தூரமென்று படிப்பை விடுகிறாள். மூன்று கட்டையை நடக்க ஒரு மணித்தியாலம் வேண்டும். சைக்கிளில் அரை மணித்தியாலம் போதும். அந்த மீதி நேரம் யாருக்கு மிகவும் தேவை என்று வீட்டில் இருந்து பேசுங்கள்.

தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991 இல் தொடங்கிய அறிவொளி இயக்கம், எழுத்தோடு சைக்கிளோட்டவும் பெண்களுக்குப் பயிற்சி அளித்தது. கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு முன்னின்றார். ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிளோட்டக் கற்றார்கள். பெண்களுக்கான சைக்கிள் போதாதபோது, பலர் ஆண்களின் சைக்கிளையே விரும்பி ஏற்றார்கள். குறுக்குக் கம்பியில் பிள்ளையை இருத்திக் கொண்டு போகலாம் என்பது அவர்கள் கண்ட காரணம். சேலையும் பாவாடையும் உடுத்தும் எமது பெண்களிற் பலருக்குக் கம்பி தாழ்ந்த சைக்கிள் வசதியாக இருக்கலாம். எது வசதி என்று அவர்களே ஏறிப் பார்த்துச் சொல்லட்டும்.

உதவி செய்யும் நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். ஒரே அளவில் நூறு சைக்கிள் வாங்கி, படமெடுத்துக் கொடுத்துவிட்டால் போதாது. பாதி சைக்கிளைப் பெற்றவர்கள் விற்றுவிட்டார்கள் என்று பிறகு குறை கூறுவதிலும் பயனில்லை. ஓட்டுகிறவரைக் கேட்டு வாங்குங்கள். ஒரு காற்றுப் பம்பும் ஒட்டுப்போடும் சாமானும் சேர்த்துக் கொடுங்கள். ஊரில் ஓர் இளைஞனுக்கோ யுவதிக்கோ திருத்தும் வேலையைப் பழக்கிவிடுங்கள்.

2014 இல் மண்முனைத்துறையில் பாலம் திறந்த பிறகு, அங்கே பாதைக்காகக் காத்திராமல் எழுவான்கரையிலிருந்து படுவான்கரை வயலுக்குச் சைக்கிளிலேயே போகலாம். வழி திறந்திருக்கின்றது. அந்த வழியில் கடனில்லாமல் போவதற்கு ஒரு சாதாரண சைக்கிள் போதும்.