மோட்டார் ஜீர்ணோத்தாரணம்

பாட்டியின் அட்டிகை பேத்தியின் கைக்கு வருகிறது. இரண்டு கற்கள் உதிர்ந்திருக்கின்றன, கொக்கி தேய்ந்திருக்கிறது. ஆசாரியை அழைத்தால் அவர் முதலில் கேட்பது இதுதான்: "அழித்துச் செய்வதா, இருப்பதைச் செப்பனிடுவதா?" அழித்துச் செய்தால் நகை மின்னும், ஆனால் பாட்டி போய்விடுவாள். இருப்பதை அப்படியே வைத்தால் பாட்டி இருப்பாள். ஆனால் பேத்தி அணிய இயலாது.

ஐரோப்பாவின் பழைய பந்தய மோட்டார்களைப் புதுப்பிப்போரும் இதே கேள்வியோடுதான் மல்லாடுகின்றனர் என்றால் நேயர்கள் வியப்படையலாம். 'துருப்பிடித்த வண்டிக்கு வர்ணம் பூசுவதில் இத்தனை தத்துவமா?' என்று நாமும் ஒரு காலத்தில் எண்ணியதுண்டு. ஒரே மனிதரின் காட்சிச்சாலையில் இருந்த மூன்று வண்டிகளின் வரலாறு நம் எண்ணத்தை மாற்றிவிட்டது.

மூன்றும் ஆல்சேஸ் பகுதியில் மோல்ஸைம் என்னும் சிற்றூரில் எட்டோர் புகாட்டி 1909-ல் நிறுவிய தொழிற்சாலையில் பிறந்தவை. அக்காலத்தில் சிறந்த மோட்டார்களுள் பல, அடிச்சட்டமும் இயந்திரமுமாகவே விலைக்கு வரும். மேற்கூட்டை வாங்குவோர் தம் ரசனைக்கேற்பக் கூடு கட்டும் தச்சரிடம் செய்வித்துக்கொள்வர். ஆகவே ஒரு வண்டி மற்றொன்றைப் போல இராது. பின்னர் கைமாறும்போதெல்லாம் புதிய உடையவர் தம் மனம்போல் மாற்றுவார். ஆதலால், புதுப்பிக்க முற்படுவோர் எந்த ஆண்டின் வண்டியை மீட்பது என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும்.

முதலாவது, 1936-ல் இங்கிலாந்தில் விக்டர் ராத்ஸ்சைல்டுக்கு அளிக்கப்பட்ட அட்லாண்டிக். எட்டோரின் புதல்வர் ஜான் புகாட்டி வகுத்த இவ்வகையில் நான்கே வண்டிகள் செய்யப்பட்டன. கூரையின் நடுவே, மீனின் முதுகுத் துடுப்பைப் போல், வரிசையாய் ஆணியடித்த தையல் ஒன்று ஓடும். முன்மாதிரி வண்டி தீப்பற்றும் இயல்புடைய மக்னீஷியக் கலப்பு உலோகத்தால் ஆனது என்பர். அதைக் காய்ச்சி ஒட்ட இயலாமையால், தகடுகளின் ஓரங்களை வெளியே நிமிர்த்தி ஆணியடித்து இணைத்தனர். பின்வந்தவை அலுமினியம், அவற்றிற்கு அந்த ஆணி தேவையே இல்லை. எனினும் அழகு கருதி அத்தையலை விடாது வைத்துக்கொண்டனர். கைத்திறன் மட்டும் வாய்த்த கம்மியர் ஒருவர் 'இது வீண்' என்று அதை மழித்திருந்தால் வண்டியின் உயிரே போயிருக்கும்! பல கை மாறிய இவ்வண்டியை அமெரிக்க மருத்துவர் ஒருவர் வாங்கி, பிறந்த நாளின் வடிவத்துக்கே மீட்டார். 2003-ல் கலிபோர்னியாவின் பெபிள் பீச்சில் நடந்த அழகுப் போட்டியில் அது முதற்பரிசு பெற்றது.

இரண்டாவது, 1925-ஆம் வருஷத்துப் பிரெஸ்சியா. ஸ்விட்ஸர்லாந்தில் சுங்கவரி செலுத்தப்படாமையால் அதிகாரிகள் அதை மஜோரே ஏரியில் இறக்கிவிட்டனர் என்பது அவ்வூரார் கூறும் கதை. நீரில் 53 மீட்டர் ஆழத்தில் கிடந்த அதனை 1967-ல் முக்குளிப்போர் கண்டனர். 2008-ல் அஸ்கோனா முக்குளிப்போர் சங்கத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சில வாலிபர்களால் அடித்துக் கொல்லப்பட்டார். இளைஞரிடையே வன்முறை ஒழிய அவர் பெயரால் அமைந்த அறநிலையத்துக்குப் பொருள் சேர்க்க, 2009-ல் சங்கத்தார் வண்டியைக் கரையேற்றினர். மறு ஆண்டு பாரிஸில் அது 2,60,500 யூரோவுக்கு ஏலம் போயிற்று.

ஏலத்தில் எடுத்தவர் பீட்டர் முல்லின் என்னும் அமெரிக்கர். அவர் நினைத்திருந்தால் அதைப் புத்தம் புதிதாக்கியிருக்கலாம். பொருளுக்கும் குறைவில்லை, தொழில் வல்லாருக்கும் குறைவில்லை. அவரோ துருவும் கிழிசலுமாக அப்படியே காட்சிக்கு வைத்தார். காரணம் எளிது. புதிதாக்கினால் எஞ்சுவது பல பிரெஸ்சியாக்களுள் ஒன்று. ஏரியும், எழுபது ஆண்டும், மாண்ட அந்த இளைஞரின் நினைவும் சீலைத்தாளோடு உதிர்ந்துபோகும். 2010-ல் விற்பனையான ராத்ஸ்சைல்டு அட்லாண்டிக்கும் பின்னர் இவருடைய காட்சிச்சாலையிலேயே நின்றது என்பதை இங்கே நினைவு கொள்ள வேண்டும்.

மூன்றாவது விசித்திரமானது. 64 என்னும் எண் பெற்ற அடிச்சட்டம் ஒன்றுக்கு ஜான் புகாட்டி மேற்கூடு எண்ணியிருந்தார்; 1939 ஆகஸ்டில், வேறொரு வண்டியைச் சோதித்து ஓட்டுகையில் முப்பதாவது வயதில் மாண்டார். சட்டம் கூடின்றியே நின்றுவிட்டது. முல்லின் அவருடைய கருத்தைத் தழுவி, பட்டாம்பூச்சிச் சிறகு போல் மேல்நோக்கித் திறக்கும் கதவுகளுடன் கூடு ஒன்று செய்வித்தார். ஆனால் அதைச் சட்டத்தின்மேல் பொருத்தவில்லை; சற்று உயரே தொங்கவிட்டார்! கீழே இருப்பது ஜானுடையது, மேலே இருப்பது நம்முடையது என்பதைக் குழந்தையும் கண்டுகொள்ளும்.

ஒன்று பிறந்த கோலத்தில். ஒன்று பட்ட கோலத்தில். ஒன்று எண்ணிய கோலத்தில். மூன்றுக்கும் மூன்று வைத்தியம். இவற்றுள் எது சரி என்று எம்மைக் கேட்டால், மூன்றும் சரியே என்போம். ஏனெனில் மூன்றிலும் பொய் இல்லை. புதுப்பித்தலில் குற்றம் இல்லை. புதியதைப் பழையது என்று காட்டுவதே குற்றம். நேற்று அடித்த தகட்டின்மேல் பழைய எண்ணைப் பொறித்து விற்பவன் வாங்குவோனை மட்டும் ஏமாற்றுவதில்லை. அந்தத் தகட்டை முதன்முதலில் அடித்த தொழிலாளியின் பெயரையும் களவாடுகிறான்.

முல்லின் 2023-ல் காலமானார். மறு ஆண்டு அவருடைய காட்சிச்சாலையும் மூடப்பட்டது. எத்தகைய செல்வரும் பழம்பொருளுக்குச் சிறிது காலக் காவலரே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? அட்டிகையை ஆசாரியிடம் கொடுக்கும் பேத்தியும் அப்படித்தான். எந்தக் கல் பாட்டியுடையது, எந்தக் கல் தன்னுடையது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி நகைப்பெட்டிக்குள் வைத்துவிட்டால், அவளுடைய பேத்தி அவளை வாழ்த்துவாள்.