பஸ் விட்ட ஊருக்கு விமானம் விடத் தெரியாதா?

தொண்டாமுத்தூர்ப் பக்கம் டீக்கடையில் விமானக் கம்பெனிப் பேச்சு எழுந்தால் தீர்ப்பு எப்போதும் ஒன்றுதான். "அதெல்லாம் நம்மாளுகளுக்கு ஆவாதுங்க. மில்லு ஓட்டலாம், மோட்டார் பம்பு பண்ணலாம். ஏரோப்ளேன் நமக்கெதுக்கு?" கேட்பதற்கு அடக்கமாக இருக்கிறது. ஆனால் சுத்தப் பொய்!

1920ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டித் தொடங்கினார் ஜி.டி.நாயுடு. அதுதான் யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் கம்பெனியானது. ஒரு வண்டி, அதன் வசூலில் அடுத்த வண்டி. இந்தக் கணக்கைக் கொங்கு நாட்டுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விமானத்தில் மட்டும் இது ஏன் பலிக்கவில்லை?

முயற்சி நடக்காமல் இல்லை. ஜவுளித் தொழிலிலிருந்து வந்த பாராமவுண்ட் ஏர்வேஸ் 2005 அக்டோபரில் பறக்கத் தொடங்கியது. சென்னை, கோவை, மதுரை என்று எம்ப்ரேயர் ஜெட்டுகள். 80 இருக்கைக்குக் குறைவான விமானம் என்பதால் தரையிறங்கும் கட்டணம் கிடையாது, எரிபொருளுக்கு விற்பனை வரி 4 சதவீதம்தான். பெரிய விமானக்காரர்கள் இதைப்போலப் பல மடங்கு வரி கட்டிக்கொண்டிருந்தார்கள். மில்காரர் மூளை என்றால் இதுதான்! ஆனால் விமானங்கள் எல்லாம் குத்தகை. குத்தகைக்கு விட்ட வெளிநாட்டுக் கம்பெனிகளோடு தகராறு முற்றி, 2010ல் எல்லாம் நின்றது. பிறகு கோவையிலேயே பிறந்த ஏர் கார்னிவல் 2016 ஜூலையில் ஒரு ஏ.டி.ஆர். 72 விமானத்தோடு கிளம்பியது; 2017ல் முடிந்தது. பஸ் பழுதானால் அன்றைய வசூல் போகும். இருக்கிற ஒரே விமானம் பழுதானால் கம்பெனியே படுத்துவிடும்.

(2020ல் வந்த 'சூரரைப் போற்று' படத்துக்குத் தமிழ்நாடே கைதட்டியது. அதற்கு மூலமான ஏர் டெக்கான் 2008ல் கிங்ஃபிஷரோடு கலந்து காணாமல் போனதும், அந்தக் கிங்ஃபிஷர் 2012ல் நின்றதும் படத்தில் இல்லை. நிஜமான கதை அங்கேதான் ஆரம்பம்.)

இப்போது கிரீஸ் நாட்டைப் பாருங்கள். பாராமவுண்ட் பறக்கத் தொடங்கிய அதே 2005ல், கிரீட் தீவின் ஹெராக்லியோனில் ஸ்கை எக்ஸ்பிரஸ் என்ற கம்பெனி தொடங்கியது. முப்பது பேர் உட்காரும் ஜெட்ஸ்ட்ரீம் விமானங்கள். தீவுக்குத் தீவு தாவும் டவுன் பஸ் மாதிரி! பிறகு ஏ.டி.ஆர்., 2020ல் ஏர்பஸ் ஏ320 நியோ. இன்று ஏஜியனுக்கு அடுத்த பெரிய கிரேக்க விமானக் கம்பெனி அதுதான். கிரீட்காரர்கள் கோவைக்காரர்களை விடக் கெட்டிக்காரர்களா என்ன?

வித்தியாசம் சட்டத்தில் இருக்கிறது. ஆள் குறைந்த சின்னத் தீவுக்கு விமானம் போவதை அங்கே பொதுச்சேவை என்கிறார்கள். அரசு டெண்டர் விடும், நட்டத்தை ஈடுகட்டும். ஐரோப்பிய விதிப்படி அந்தத் தடத்தை ஒரே கம்பெனிக்கு நாலு வருஷம் வரை தனியாகக் கொடுக்கலாம். காலம் முடிந்தால் மறுபடி டெண்டர். கம்பெனி மாறலாம், தடம் சாகாது. சின்னக் கம்பெனிக்கு இது மாதச் சம்பளம் மாதிரி.

இங்கே? 2004ல் ஒரு விதி போட்டார்கள். ஐந்து வருஷம் உள்நாட்டில் பறந்து, 20 விமானமும் வைத்திருந்தால்தான் வெளிநாட்டுக்குப் போகலாம். 2016 வரை இதுதான் சட்டம். சார்ஜாவில் 2003ல் தொடங்கிய ஏர் அரேபியா கோவையில் வந்து இறங்கலாம். விரல் விட்டு எண்ணும் அளவு விமானம் வைத்திருந்த பாராமவுண்ட் கொழும்புக்குக்கூடப் போக முடியாது. சொந்த வீட்டுப் பிள்ளையைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு விருந்தாளிக்கு இலை போட்ட கதை!

உடான் திட்டம் வந்துவிட்டதே என்பார்கள். வந்தது. 2018 மார்ச்சில் ட்ரூஜெட் சென்னை–சேலம் பறந்தது. மானியமும் தனி உரிமையும் மூன்று வருஷத்துக்குத்தான். 2021ல் சேவை நின்றது. 2023 அக்டோபர் வரை சேலம் விமான நிலையம் பயணிகள் விமானத்தைப் பார்க்கவில்லை. தடத்தைக் காப்பாற்றும் ஏற்பாடு என்றால், மூன்றாம் வருஷக் கடைசியில் அல்லவா அது வேலை செய்ய வேண்டும்?

கிரீஸ் தீவு நாடு, இங்கே ரயில் இருக்கிறது என்ற வாதம் நியாயமானதுதான். சென்னைக்கு நீலகிரி இருக்கிறது, சேரன் இருக்கிறது, 2023லிருந்து வந்தே பாரத்தும் இருக்கிறது. அந்தத் தடத்துக்கு ஒரு பைசா மானியம் தேவையில்லை. உள்ளூர்க் கம்பெனிகள் செய்த தப்பும் அதுதான்: பெரியவர்கள் கட்டணத்தைக் குறைத்து மோதும் சென்னைத் தடத்திலேயே போய் விழுந்தார்கள். நாயுடு பஸ் விட்டது சென்னைக்கா? பழனிக்கு!

கோவை விமான நிலையத்தை விரிவாக்க 600 ஏக்கருக்கு மேல் நிலம் எடுத்திருக்கிறார்கள். அதில் ஓடுதளத்தை நீட்டுவதோடு, மாநில அரசு ஒரு டெண்டரையும் போடட்டும். கோவை–மங்களூர், கோவை–விசாகப்பட்டினம் மாதிரித் தடங்கள். ஏ.டி.ஆர். போதும், ஆனால் குறைந்தது இரண்டு விமானம் வைத்திருப்பவருக்குத்தான். நாலு வருஷம், முடிந்ததும் மறுபடி நாலு வருஷம்.