பெண் டைரக்டர் என்றால் இளக்காரமா? விமர்சகர்கள் கண்ணில் படாத படங்கள்!

சாயங்காலம் 6 மணிக்கு வடபழனி பக்கம் எந்த டீக்கடையில் நின்றாலும் சினிமாப் பேச்சுதான். எந்தப் படம் எத்தனை கோடி, எந்த ஹீரோ எந்த டைரக்டரோடு சேர்கிறார் என்று விரல் நுனியில் வைத்திருப்பார்கள். அங்கே போய் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

"தமிழ்ப் படத்துக்கு முதல் பெண் டைரக்டர் யாருங்க?"

ஒருத்தர் பானுமதி என்பார். இன்னொருத்தர் சுஹாசினி என்பார். "அது யாரா இருந்தா என்னப்பா, டீ ஆறுது" என்பார் மூன்றாவது ஆள். டி.பி.ராஜலட்சுமி என்று சட்டென்று சொல்ல ஆள் கிடைப்பது கஷ்டம்.

டீ குடிக்க வந்தவர்கள் மேல் தப்பு இல்லை. சினிமாவைப் பற்றி எழுதியே பிழைக்கிறவர்கள், பட்டியல் போட்டே பேர் வாங்குகிறவர்கள் சொல்லித் தந்தால்தானே அவர்களுக்குத் தெரியும்?

திருவையாற்றுப் பெண்

ராஜலட்சுமி 1911ல் திருவையாற்றில் பிறந்தவர். அறியாத வயதிலே கல்யாணம் பண்ணி வைத்தார்கள். அது நிலைக்கவில்லை. அப்பாவும் போய்ச் சேர்ந்தார். நாடகக் கம்பெனியில் சேர்ந்தார் அந்தப் பெண். நாடகத்தில் பெண் வேஷத்தைக்கூட ஆண்பிள்ளைகள் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. வசவும் ஏச்சும் எப்படி விழுந்திருக்கும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

1931 அக்டோபர் 31ந் தேதி சென்னை கினிமா சென்ட்ரல் தியேட்டரில் 'காளிதாஸ்' ரிலீஸ் ஆனது. பிற்காலத்தில் முருகன் டாக்கீஸ் என்று பேர் மாறிய தியேட்டர் அதுதான். தமிழில் முதல் பேசும்படம். கதாநாயகி ராஜலட்சுமி. கூட நடித்த கதாநாயகன் தெலுங்கில் பேச, இவர் தமிழில் பேசினார். பிலிம் பெட்டிக்குத் தேங்காய் உடைத்து ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள் என்று பழைய ஆட்கள் சொல்வதுண்டு. 'சினிமா ராணி' என்று பட்டம் வேறு.

இதுவரைக்கும் எல்லாரும் எழுதுவார்கள். அதற்குப் பிறகு நடந்ததுதான் விஷயம்.

ராணி பட்டத்தோடு அந்த அம்மா சும்மா உட்காரவில்லை. 'கமலவல்லி' என்று ஒரு நாவல் எழுதினார். அந்த நாவலையே 1936ல் 'மிஸ் கமலா' என்று படமாக்கினார். கதை அவர். நடிப்பு அவர். தயாரிப்பு அவர். டைரக்ஷனும் அவரே! அப்போது அவருக்கு வயது இருபத்தைந்துகூட முழுசாக ஆகியிருக்காது. பம்பாயில் 1926லேயே பாத்திமா பேகம் என்ற பெண்மணி படம் டைரக்ட் பண்ணியிருக்கிறார். ஆனால் தென்னாட்டில் இந்த நாற்காலியில் முதலில் உட்கார்ந்த பெண் ராஜலட்சுமிதான்.

தன் கதையைத் தானே எழுதி, தானே எடுத்து, தானே நடிக்கிற டைரக்டரைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிற விமர்சகர்கள் எத்தனை பேர்! அதை 1936லேயே செய்த ஒருத்தி அவர்கள் புத்தகத்தில் எங்கே இருக்கிறாள்? "முதல் கதாநாயகி" என்று ஒரு வரி. "படமும் டைரக்ட் செய்தார்" என்று பின்னால் ஒரு ஒட்டு. அவ்வளவுதான். கடைசியில் 'மிஸ் கமலா'வின் பிலிம் சுருளும் மிஞ்சவில்லை. 'காளிதா'சும் அப்படியே போய்விட்டது. 1964ல் அந்த அம்மாவும் கண்ணை மூடினார்.

படமே இல்லாதபோது விமர்சகர் என்ன செய்வார் என்று கேட்கலாம். சரி, பிலிம் மிஞ்சியவர்கள் கதையைப் பார்ப்போம்.

மூன்று மொழி, ஒரே அம்மா

பானுமதி என்றால் நடிப்பு, பாட்டு, கதை எழுதுவது, சொந்த ஸ்டூடியோ எல்லாம் நினைவுக்கு வரும். "செட்டுக்கு வந்தா ஹீரோவே நடுங்குவாரு" என்ற கதையும் கூடவே வரும். 1953ல் 'சண்டிராணி' படத்தைத் தமிழ், தெலுங்கு, இந்தி என்று மூன்று மொழியிலும் டைரக்ட் செய்தவர் அவர். அதிலேயே இரட்டை வேஷமும் போட்டார். ஜோடி என்.டி.ராமராவ். ஒரு மொழியில் ஒரு படத்தை முடிப்பதற்குள்ளேயே நுரை தள்ளிவிடும் தொழில் இது.

ஆனால் பானுமதியைப் பற்றி எழுதினால் எத்தனை பேர் கேமரா பக்கத்தில் நின்ற பானுமதியை எழுதுகிறார்கள்? திமிர் பற்றி எழுதுகிறார்கள். இதே குணம் ஆம்பிளை டைரக்டருக்கு இருந்தால் அதற்குப் பேர் 'கண்டிப்பு'.

சாவித்திரி செய்த குற்றம்

இந்த வழக்கில் ரொம்பவும் அநியாயமான தீர்ப்பு நடிகையர் திலகம் சாவித்திரிக்குத்தான்.

"நல்லா நடிச்சிட்டிருந்த பொம்பளை. படம் எடுக்கிறேன்னு போய் எல்லாத்தையும் தொலைச்சுட்டுது." சாவித்திரி பேச்சு வந்தாலே இதுதான். அவர் வாழ்க்கையை வைத்து 2018ல் வந்த படத்துக்காக கீர்த்தி சுரேஷ் தேசிய விருது வாங்கினார். ஊரே தியேட்டரில் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தது. வந்த பிறகு பேசியது என்ன? ஜெமினி கணேசன், குடி, பறிபோன சொத்து. டைரக்டர் சாவித்திரியைப் பற்றிப் பேச்சே இல்லை.

1968ல் 'சின்னாரி பாப்பலு' என்று ஒரு தெலுங்குப் படத்தை சாவித்திரி டைரக்ட் செய்தார். அதில் விசேஷம் என்ன தெரியுமா? பொறுப்பான வேலையில் இருந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். இசை பாடகி பி.லீலா. இன்றைக்கு ஒரு படத்தில் நாலு டெக்னீஷியன் பெண்களாக இருந்தால் பேட்டி, பாராட்டு, கைதட்டல் எல்லாம் நடக்கும். அன்றைக்கு ஒரு படத்தையே பெண்கள் சேர்ந்து முடித்திருக்கிறார்கள். இந்தக் கதையே 1969ல் தமிழில் 'குழந்தை உள்ளம்' ஆனது. பிறகு 1971ல் சிவாஜியை வைத்து 'பிராப்தம்'. சொந்தத் தயாரிப்பு. படம் ஓடவில்லை, பணம் போனது.

'பிராப்தம்' ஒரு காவியம் என்று யாரும் வாதாட வேண்டாம். தெலுங்கில் வெற்றி பெற்ற கதையைத் தமிழுக்குக் கொண்டுவந்தார், இங்கே எடுபடவில்லை. வியாபாரத்தில் நடக்கிற சங்கதி. கடை வைத்திருக்கிறவர்களுக்கு இது புரியும். ஒரு சரக்கு பக்கத்து ஊரில் போகும், நம்ம ஊரில் தேங்கும்.

ஆனால் ஓடாத படம் எடுத்தவர் சாவித்திரி ஒருத்தர்தானா? 1954ல் வந்த 'அந்த நாள்' வசூலில் படுத்த படம். பாட்டே இல்லாத படம் எடுத்த துணிச்சலுக்காக வீணை எஸ்.பாலசந்தரை இன்றைக்கும் கொண்டாடுகிறார்கள். கொண்டாட வேண்டியதுதான். 2003ல் 'அன்பே சிவம்' ஓடவில்லை. வருஷம் போகப் போக அதற்கு மாலை மரியாதை கூடிக்கொண்டே வருகிறது. அதுவும் நியாயம்தான். ஆண்பிள்ளை நஷ்டப்பட்டால் 'காலத்தை முந்திய கலைஞன்'. சாவித்திரி நஷ்டப்பட்டால் 'வேண்டாத வேலை'. தராசு ஒன்று, படிக்கல் இரண்டா?

லேடீஸ் சீட்டு விமர்சனம்

பஸ்சில் இடது பக்கம் 'பெண்கள்' என்று எழுதியிருக்கும். அது அவர்கள் உட்கார இடம் வேண்டும் என்று ஒதுக்கியது. சினிமா விமர்சனத்தில் 'பெண்கள் படம்' என்று எழுதினால், வேறு எங்கேயும் உட்காராதே என்று அர்த்தம்!

1995ல் சுஹாசினி 'இந்திரா' எடுத்தார். சாதியால் இரண்டாகப் பிரிந்து கிடக்கிற ஊரைப் பற்றிய கதை. பாட்டு நின்றது, ஏ.ஆர்.ரகுமான் பேர் நின்றது. படத்தின் விஷயம் நின்றதா? 2001ல் ஜானகி விஸ்வநாதன் 'குட்டி' எடுத்தார். பட்டணத்து வீட்டில் வேலைக்கு வந்து அல்லல்படும் சின்னப் பெண்ணின் கதை. சென்னையில் எத்தனை ஃபிளாட்டில் அப்படி ஒரு குட்டி எச்சில் தட்டு கழுவியிருப்பாள்! அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? ரேவதியின் 'மித்ர்' ஆங்கிலப் படம். தேசிய விருது கிடைத்ததால் கொஞ்சம் பேர் தெரிந்துகொண்டார்கள்.

சென்னைக்காரர்கள் கட்டாயம் பார்த்திருக்க வேண்டிய படம் ஒன்று உண்டு. 2019ல் லட்சுமி ராமகிருஷ்ணன் எடுத்த 'ஹவுஸ் ஓனர்'. 2015 டிசம்பர் மழை யாருக்கு மறக்கும்? செம்பரம்பாக்கம் தண்ணீர் அடையாற்றில் வந்து, ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று வீடு வீடாகப் புகுந்தது. ராத்திரியோடு ராத்திரியாக மொட்டை மாடிக்கு ஓடியவர்கள் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களிலேயே இருப்பார்கள்.

அந்த வெள்ளத்தில் ஒரு வீடு. உள்ளே வயசான புருஷன், பெண்டாட்டி. அவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், ஞாபகம் தப்பிப் போனவர். பெண்டாட்டி யார் என்பதே சில நேரம் தெரியாது. "இது என் வீடு" என்பது மட்டும் தெரியும். வெளியே தண்ணீர் ஏறுகிறது. அவரை எப்படிக் கிளப்புவது? படம் முழுக்க இந்தத் தவிப்புதான். குண்டு வெடிக்கவில்லை, குத்துப்பாட்டு இல்லை. பக்கத்து வீட்டில் நடந்ததைப் பார்த்த மாதிரி நெஞ்சு அடைக்கிறது.

மழை தண்ணீர் பற்றி எத்தனையோ கமிட்டி, எத்தனையோ அறிக்கை வந்தது. தண்ணீர் நடு வீட்டுக்குள் நிற்கும்போது மனுஷன் மனசு என்ன பாடு படும் என்று காட்ட ஒரு பெண் டைரக்டர் வந்தார். ஊர் அவரை எதற்காக ஞாபகம் வைத்திருக்கிறது? டி.வி. பஞ்சாயத்து நிகழ்ச்சியில் சொன்ன ஒரு வசனத்துக்காக! அந்த வசனத்தைச் சொல்லிக் கேலி பண்ணாத காமெடியன் இல்லை. மனநோயோடு பிள்ளைகளை வளர்க்கிற தாயைப் பற்றி 2012லேயே இவர் எடுத்த 'ஆரோகணம்' ஞாபகம் வருவதில்லை.

அதே 2019ல் மதுமிதாவின் 'கே.டி. என்கிற கருப்புதுரை' வந்தது. படுத்த படுக்கையாக இருக்கிற பெரியவரைத் தலைக்கு எண்ணெய் ஊற்றி முடித்துவிட வீட்டாரே திட்டம் போடுகிறார்கள். காதில் விழுந்ததும் கிழவர் எழுந்து ஓடிவிடுகிறார். எப்பேர்ப்பட்ட கதை! போலீஸ் டைரியில் ஏறாத சாவு அது. அதைச் சிரிக்க வைத்துச் சொன்னார். அதில் நடித்த பையனுக்கு தேசிய விருது கிடைத்தது. அந்த வருஷ முடிவில்தான் ஹலிதா ஷமீமின் 'சில்லுக் கருப்பட்டி'யும் வந்தது. சின்னச் சின்னதாக நாலு காதல் கதை. இதே ஹலிதா, சிறுவர்களாக நடித்தவர்கள் நிஜமாகவே வளரட்டும் என்று வருஷக்கணக்கில் காத்திருந்து 'மின்மினி' படத்தை முடித்து 2024ல் கொண்டுவந்தார். அந்தப் பொறுமைக்கே ஒரு சபாஷ் போடலாம்.

"படம் நல்லா இருந்தா போதாதா?"

மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்கள் ஒரு வாதம் வைத்திருக்கிறார்கள். "யாரு எடுத்தா என்ன, படம் நல்லா இருந்தா நாங்க எழுதுவோம்" என்பார்கள்.

நல்ல வாதம். ஆனால் கணக்கு இடிக்கிறது. சுதா கொங்கரா 2010ல் எடுத்த 'துரோகி' ஓடவில்லை. அடுத்த படம் 'இறுதிச்சுற்று' தியேட்டருக்கு வந்தது 2016ல். நடுவில் ஆறு வருஷம்! வடசென்னையில் மீன் விற்கிற பெண்ணை குத்துச்சண்டை வீராங்கனையாக்கிய கதை. ஒரு படம் தோற்ற ஆண் டைரக்டர்கள் எல்லாரும் இப்படியா காத்துக் கிடந்தார்கள்? அதன்பிறகு 2020ல் 'சூரரைப் போற்று'. சிறந்த படம், சூர்யாவுக்கு நடிப்பு, அபர்ணா பாலமுரளிக்கு நடிப்பு, திரைக்கதை, பின்னணி இசை என்று 5 தேசிய விருது. அடேயப்பா! அப்போதும் தெருமுனை பேனரில் யார் படம் இருந்தது என்று சொல்லத் தேவையில்லை.

பெண் எடுத்தது என்பதற்காக மோசமான படத்தைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. மோசம் என்றால் மோசம் என்று எழுதட்டும். பார்த்துவிட்டு எழுதட்டும். பெண் டைரக்டரைப் பேட்டி காணும்போது "வீட்டையும் படத்தையும் எப்படிச் சமாளிக்கிறீங்க?" என்கிற கேள்வியை மூட்டை கட்டி வைக்கட்டும். வெங்கட் பிரபுவிடமோ வெற்றிமாறனிடமோ யாராவது அதைக் கேட்டதுண்டா?

தெலுங்கில் விஜயநிர்மலா 44 படம் டைரக்ட் செய்து 2002ல் கின்னஸ் புத்தகத்தில் ஏறினார். உலகத்திலேயே அதிகப் படம் டைரக்ட் செய்த பெண் என்று எழுதினார்கள். அந்த 44ல் நாலு படத்தின் பேரைச் சொல்லச் சொன்னால் சினிமா அகராதிகளே தலையைச் சொறியும்.

தியேட்டர்காரர்கள் பங்கும் இதில் உண்டு. பெரிய ஹீரோ இல்லாத சின்னப் படம் என்றால் காலை 11 மணிக் காட்சி ஒன்று. "ஆள் வரலை" என்று மூன்றாம் நாள் தூக்கிவிடுவது. 11 மணிக்கு குமாஸ்தா ஆபீசில் இருப்பார். கடைக்காரர் கல்லாவில் இருப்பார். வீட்டுக்காரம்மா அடுப்படியில் இருப்பார். பிறகு யார் வருவார்? ஒரே ஒரு வாரம், சாயங்காலம் 6½ மணிக் காட்சியைக் கொடுத்துப் பார்க்கட்டும். அந்த வெள்ளிக்கிழமையே விமர்சகர்களும் போய் டிக்கெட் வாங்கட்டும்.