எந்தப் படகில் ஏறலாம்?

"வேகமாப் போற சின்னப் படகுலதான் போகணும்"னு ஏரிக்கரையில் தம்பி ஒரே அடம். குடும்பத்துக்குத் தட்டையான மிதவைப் படகே நல்லது என்பது என் கருத்து. அதன் அடியில் காற்றடைபட்ட இரண்டு நீள உருளைகள் இருக்கும். அகலம் அதிகம், ஆட்டம் குறைவு. பாட்டிகூட பயமில்லாமல் உட்காரலாம்.

ஆனா அளவுக்கு மேல் ஆள் ஏறினால் எந்தப் படகும் ஆபத்துதான். எல்லாரும் ஒரே பக்கம் போனாலும் ஆபத்து. 2009 செப்டம்பர் 30-ல் கேரளத்தின் தேக்கடியில் இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்குகளைப் பார்க்கப் பலரும் ஒரே பக்கம் நகர்ந்தார்களாம்.

"பத்து நிமிஷத்துக்கு லைஃப் ஜாக்கெட் எதுக்கு?"ன்னு அப்பா கேட்டார். அது இல்லாமல் ஏறமாட்டேன்னு நின்னேன். கடைசியில் அப்பாவும் போட்டுக்கிட்டார்.

தோழிகளே, படகின் வேகத்தைக் கேட்காதீங்க. எத்தனை பேர் ஏறலாம்னு முதலில் கேளுங்க!