பூங்காவும் பயணமும் படிப்பாகுமா?

நெசவாளர் வீட்டுப் பிள்ளையாயினும், பயிரிடுவோர் வீட்டுப் பிள்ளையாயினும், பன்னிரண்டாம் வகுப்பில் தேறியவுடன் பெற்றோர் எண்ணுவது மருத்துவம், பொறியியல், ஆசிரியத் தொழில் ஆகிய மூன்றையே. பூங்கா நிர்வாகம், சுற்றுலா நிர்வாகம் என்று ஒரு படிப்பு உண்டு என்றால், "ஊர் சுற்றுவதற்கும் ஒரு பட்டமா?" என நகைப்போரே மிகுதி. அந்த நகைப்பினால் நட்டமடைவோர் நாமே என்பது என் துணிபு.

உதகை அரசினர் தாவரவியல் பூங்காவை அறியாதார் இலர். அது தொடக்கத்தில் பூங்காவாக இருக்கவில்லை. 1840-களில் அங்குக் குடியிருந்த ஐரோப்பியர்கள், மாதச் சந்தா செலுத்திக் காய்கறி பெறும் பொருட்டு அமைத்த தோட்டமே அதற்கு முன்னோடி. அம்முயற்சி நிலைக்கவில்லை. பின்னர், இங்கிலாந்தின் கியூ தோட்டத்தில் பயிற்சி பெற்ற மெக்ஐவர் என்பார் 1848-இல் வந்து, ஏறத்தாழப் பத்தாண்டுகள் உழைத்து, அச்சரிவைப் பூங்காவாக்கினார். நிலமும் மழையும் முன்பு இருந்தவையே. புதிதாக வந்தது முறையான பயிற்சி. சந்தாவினால் மட்டும் ஒரு ஸ்தாபனம் நிலைபெறாது. திறமுள்ள நிர்வாகமும் வேண்டும். கூட்டுறவாளராகிய நமக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இன்று அத்தகைய திறமைக்குத் தேவை பெருகியிருக்கிறது. சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே மாதம் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வண்டிகளுக்கு மின்னணு அனுமதிச் சீட்டு கட்டாயமாயிற்று. 2025 கோடைப் பருவத்தில் நீலகிரிக்குள் வார நாட்களில் நாளொன்றுக்கு 6,000 வண்டிகளும், வார இறுதி நாட்களில் 8,000 வண்டிகளுமே செல்லலாமென வரம்பும் விதிக்கப்பட்டது. ஒரு மலை எத்தனை பேரைத் தாங்கும், குடிநீர் எவ்வளவு வேண்டும், குப்பை எங்கே போகும், கூட்டத்தை எவ்வாறு நெறிப்படுத்துவது என்பன கணக்கும் சட்டமும் தாவர அறிவும் கலந்த வினாக்கள். இவற்றைக் கற்பதே இப்படிப்பு. இதை ஊர் சுற்றல் என்பது, தறியில் அமர்வதை ஓய்வு என்பதற்கு ஒப்பாகும்.

நம் சங்கங்களுக்கும் இதற்கும் தொடர்பு என்னவென்று வினவலாம். வடகரைக்கு அருகே 1925-இல் தொழிலாளர்கள் கூடி அமைத்த ஊராளுங்கல் கூட்டுறவுச் சங்கம், சாலையும் பாலமும் கட்டிப் பெயர் பெற்றது. அதே சங்கம் இரிங்கலில் 2011 முதல் சர்காலயா என்னும் கைவினைக் கிராமத்தை நடத்தி வருகிறது. கைவினைஞர்கள் அங்கேயே தொழில் செய்து, காண வருவோரிடம் விற்கவும் செய்கின்றனர். தெலங்கானத்து நெசவூராகிய போச்சம்பள்ளி, 2021-இல் ஐக்கிய நாடுகளின் சுற்றுலா அமைப்பினால் சிறந்த சுற்றுலாக் கிராமங்களுள் ஒன்றாகத் தெரிந்தெடுக்கப்பெற்றது. தறியைக் காண மக்கள் வருகின்றனர் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

வருவோரை அழைத்து வருபவர் யார், கட்டணம் பெறுபவர் யார் என்பதே கேள்வி. அந்தப் பொறுப்பு வெளியாரிடம் சேருமானால், நெசவாளி காட்சிப் பொருளாவான். ஆதாயம் இடைத்தரகருக்குப் போகும். நூலிலும் சேலையிலும் இடைத்தரகரை விலக்கவே சங்கம் கண்டோம். சுற்றுலாவில் அவரை மீண்டும் அழைத்து வருவானேன்?

கற்பதற்கு இடங்கள் உள. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் 1983-இல் தோன்றிய இந்தியச் சுற்றுலா, பயண மேலாண்மை நிறுவனத்தின் தலைமையிடம் குவாலியர். அதன் வளாகம் ஒன்று நமக்கு அண்மையில் நெல்லூரில் இருக்கிறது. விடுதி நிர்வாகத்துக்குச் சென்னை தரமணி நிறுவனமும், தோட்டக்கலைக்குப் பெரியகுளம் கல்லூரியும் உண்டு.

எனினும் இரண்டு எச்சரிக்கைகள். கவர்ச்சியான விளம்பரத்தை நம்பிக் கடன்பட்டுச் சேராதீர்கள். பட்டம் தரும் பல்கலைக்கழகம் எது, அதற்கு அங்கீகாரம் உண்டா என்பதை முதலில் பாருங்கள். அடுத்து, 2020-இல் கொரோனா நோய் பரவியபோது பயணத் தொழில் முற்றிலும் முடங்கியதை மறத்தலாகாது. ஆதலின் கணக்குப் பதிவோ, பிறமொழி ஒன்றோ, தோட்டக்கலையோ துணைக்கு இருத்தல் நன்று.

சங்கங்கள் செய்யத்தக்கது ஒன்றுண்டு. துணைவிதிகள் இடந்தரும் அளவில், பொது நல நிதியிலிருந்து ஆண்டுக்கு ஓர் அங்கத்தினரின் மகனுக்கோ மகளுக்கோ இப்படிப்புக்கு உதவலாம். படித்து வருபவருக்குச் சங்கத்திலேயே வேலை தருவது குறித்து முன்னரே தீர்மானம் செய்யலாம். தறிக்கூடத்தைக் காட்டும் நேரம், கட்டணம், அதில் நெசவாளியின் பங்கு ஆகியவற்றைப் பொதுக்குழுவே வகுக்கட்டும்.

தறியை விட்டு நகரம் செல்ல நினைக்கும் பிள்ளையைத் தறிக்கே மீட்பது எளிதன்று. தன் ஊருக்கே நிர்வாகியாகத் திரும்பச் செய்வது இயலும். வரும் பொதுக்குழுவில் இதனை ஆலோசிக்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.