பந்தாடுகிற பிள்ளை மக்கா?



"இவனுக்கு அறிவெல்லாம் காலில்தான், வாத்தியாரய்யா. மண்டையில் ஒன்றுமில்லை" என்று பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே சொல்லும் பெற்றோர் உண்டு. கணக்கில் முதலாவதாக வருகிறவனைத் திடல் பக்கமே விடாத பெற்றோரும் உண்டு. படிக்கிற மூளை இருந்தால் விளையாட்டு வராது, விளையாட்டு வந்தால் படிப்பு ஏறாது என்பது இவர்கள் எண்ணம். அது சரிதானா?

காற்பந்தாட்டத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். நல்ல ஆட்டக்காரன், பந்து தன் காலுக்கு வருமுன்பே யார் எங்கே நிற்கிறார், யார் ஓடப் போகிறார் என்று பார்த்து வைத்துவிடுகிறான். கண்மூடித் திறப்பதற்குள் முடிவு செய்கிறான். இது மூளை வேலை இல்லையா?

ஆனால் பரீட்சையில் மார்க் வாங்கும் மூளையும் இதுவும் ஒன்றுதானா? 1980-இல் கனடா நாட்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். கூடைப்பந்தாட்டப் படங்களைச் சில விநாடிகளே காட்டி, யார் எங்கே நின்றார்கள் என்று கேட்டார்கள். விளையாடத் தெரிந்தவர்கள் மற்றவர்களைவிட நன்றாகச் சொன்னார்கள். ஆட்டத்தின் ஒழுங்கு இல்லாமல் ஆட்கள் கலைந்து நிற்கும் படங்களைக் காட்டியபோதோ, இரு சாராரும் ஒன்றுதான்! பொதுவான ஞாபகசக்தி காரணமாக இருந்தால் இரண்டிலும் அல்லவா ஜெயித்திருக்க வேண்டும்? ஆடி ஆடிப் பழகிய அறிவு அது. அனுபவப்பட்ட பால்மரம் வெட்டுபவர், பட்டையைப் பார்த்த மாத்திரத்தில் கத்தி எவ்வளவு இறங்கலாம் என்று அறிகிறாரே, அதைப் போல. அவரிடம் யார் பள்ளிச் சான்றிதழ் கேட்டார்கள்?

அமெரிக்கக் காற்பந்தில் (பெயர்தான் காற்பந்து, கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்!) புது ஆட்டக்காரர்களுக்கு 12 நிமிடத்தில் 50 கேள்விகள் கொண்ட அறிவுச் சோதனையைப் பல்லாண்டு வைத்து வந்தார்கள். அதில் வாங்கிய மதிப்பெண்ணுக்கும் திடலில் ஆடிய ஆட்டத்துக்கும் சொல்லத்தக்க தொடர்பை ஆய்வாளர்கள் காணவில்லை. 2022-இல் அதைக் கைவிட்டார்கள்.

அறவே தொடர்பில்லை என்றும் தள்ளிவிட முடியாது. சுவீடன் காற்பந்தாட்டக்காரர்களைப் பற்றி 2012-இல் ஓர் ஆய்வு வந்தது. விரைந்து யோசித்து, சட்டென்று வழியை மாற்றும் சோதனையில் மேல் பிரிவினர் கீழ்ப் பிரிவினரை மிஞ்சினார்கள். அந்த மூளையால் ஆட்டம் வந்ததா, ஆட்டத்தால் அந்த மூளை வந்ததா என்பதை மட்டும் அது சொல்லவில்லை.

படிப்பும் பந்தும் ஒரே ஆளிடம் இருக்கலாம் என்பதற்கோ சாட்சி உண்டு. 1982 உலகக் கிண்ணப் போட்டியில் பிரேசில் அணிக்குத் தலைமையேற்ற சாக்ரட்டீஸ், மருத்துவப் படிப்பை முடித்த டாக்டர்.

இன்று மாலை பிள்ளை திடலிலிருந்து வந்ததும், "ஏனய்யா பந்தை அந்தப் பக்கம் தள்ளினாய்?" என்று கேட்டுப் பாருங்கள். அவன் காரணம் சொல்வதை முழுக்கக் கேளுங்கள். பிறகு கணக்குப் புத்தகத்தை எடுத்துவரச் சொல்லுங்கள்.