உறுதிமொழிகள் போதும், உறுதி தாருங்கள்

மலைநாட்டுக்கு வசந்தம் எப்போது வருகின்றது என்று உல்லாசப் பயணத்துறையினரைக் கேட்டால், ஏப்ரில் மாதத்தில் என்பார்கள். நுவரெலியாவில் மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், கார்ப் பந்தயம் என்று வெள்ளைக்காரத் துரைமார் தொடக்கிவைத்த அந்தச் 'சீசன்' இன்றும் தொடர்கின்றது. தோட்டத்து மக்களைக் கேட்டால், மாசியில் என்பார்கள். மாசி அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் காமன் ஊன்றி, பௌர்ணமியில் காமன் தகனம் நடக்கும்வரை ரதியையும் மதனையும் ஆடிப்பாடும் காமன் கூத்துத்தான் மலையகத்தின் உண்மையான வசந்த விழா. இந்த இரண்டு வசந்தங்களுக்கும் இடைப்பட்ட ஒரு வாரத்தில், விடுதிகள் காலியாகக் கிடந்த நாட்களில், ஊவா மாகாணத்தில் பயணம் செய்தேன். கூட்டம் இல்லாதபோதுதான் ஒரு நாட்டின் முகம் தெரியும். நான் கண்ட முகத்தைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

பலாங்கொடை வழியாக பஸ்ஸில் ஏறி, பெரகலைச் சந்தியில் இறங்கித் தெற்கே திரும்பிப் பார்த்தால் சமவெளி முழுவதும் கடல் போல விரிந்து கிடக்கின்றது. ஹப்புத்தளை, பண்டாரவளை, எல்ல, தெமோதரை, பதுளை என்று ஒவ்வோர் ஊரும் அழகுதான். அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அழகு என்று நாம் பார்ப்பதில் இயற்கை எவ்வளவு, மனித உழைப்பு எவ்வளவு? காட்டை வெட்டிக் கோப்பி நட்டவர்கள் யார்? 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்தபின், அதே சரிவுகளில் தேயிலையை நிரை நிரையாக நட்டவர்கள் யார்? அந்தத் தேயிலைக்காகவே மலையைக் குடைந்து 1924இல் பதுளை வரை ரயில் பாதை கொண்டுவரப்பட்டது. இன்று உலகம் முழுவதும் படமெடுக்க வரும் ஒன்பது வளைவுப் பாலம் அந்தப் பாதையின் ஒரு துண்டு. ஊவாவின் அழகு என்பது பெரும்பகுதி ஒரு வேலைத்தலம். அதைச் செய்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அதற்குள்ளேயே, சொந்தமாக ஒரு சாண் நிலம் இன்றி வாழ்கின்றார்கள்.

பதுளை நகரில் புனித மாற்கு தேவாலயம் ஒன்று உண்டு. மேஜர் ரொஜர்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரியின் நினைவாக எழுப்பப்பட்டது. ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றதாகச் சொல்லப்படும் அந்த மனிதர், 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். யானைகளைக் கொன்றவருக்கு ஒரு தேவாலயம்! மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கிக் காட்டு வழியே நடந்து வந்தபோது காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் மடிந்த தமிழ்க் கூலிகளுக்கு வழியோரத்தில் ஒரு நடுகல்லும் இல்லை. அவர்கள் வந்த 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபவனி சென்றது அவர்களின் சந்ததியினரே.

'உலகின் மிக அழகிய ரயில் பயணங்களில் ஒன்று' என்று இந்தப் பாதையை விளம்பரம் செய்கின்றார்கள். இதே தண்டவாளத்தில் ஓடிய ரயிலுக்கு மலையக மக்கள் வைத்த பெயர் வேறு. 'அழுகைக் கோச்சி' என்றார்கள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் ஸ்ரீமாவோவும் சாஸ்திரியும் அமர்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மீதமிருந்த ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் சரிபாதியாக வகுத்தார்கள். பிரிந்து போன உறவுகளை ஏற்றிச் சென்ற அந்த ரயிலின் அழுகுரலை எந்த விளம்பரப் பிரசுரத்திலும் காணமுடியாது. எஞ்சியிருந்தவர்களின் நாடற்ற நிலைக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம்தான் முடிவு கட்டியது. வாக்குரிமை பறிக்கப்பட்டவனுக்கு அரசியல்வாதி நிலம் கொடுப்பானா? காணிச் சீர்திருத்தங்களும் குடியேற்றத் திட்டங்களும் நடந்தேறிய ஆண்டுகளில் இம்மக்கள் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தார்கள். நிலப் பிரச்சினையின் வேர் இங்கேதான் இருக்கின்றது.

கோ. நடேசய்யர் என்ற பத்திரிகையாளர் இம்மக்களின் நிலையை அறிவதற்காகத் துணி வியாபாரி வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் நுழைந்தார். அன்று அந்நியன் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல். இன்று யாரும் கமெராவைத் தோளில் மாட்டிக்கொண்டு தேயிலைக்குள் நடக்கலாம். லிப்டன் ஆசனத்தில் தேநீர் அருந்தலாம். கொழுந்து பறிக்கும் பெண்ணைப் படம் எடுக்கலாம். கதவுகள் திறந்திருக்கின்றன, ஆனால் எவரும் லயத்துப் பக்கம் திரும்புவதில்லை. துரைமாரின் பங்களாக்கள் பல சொகுசு விடுதிகளாகிவிட்டன. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராக்கள் லயக் காம்பராக்களாகவே இருக்கின்றன. விடுதிக்குக் கைத்தொலைபேசி வழிகாட்டுகின்றது. லயத்திலே பிறந்து வளர்ந்த பலருக்கோ தனி முகவரி கிடையாது, கடிதம் தோட்ட அலுவலகத்துக்கே போகும்.

பெரகலையிலிருந்து வெல்லவாய செல்லும் வீதியில் கொஸ்லந்தை வருகின்றது. அதற்கு மேலேதான் மீரியபெத்தை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமற் போயினர். பாடசாலைக்குச் சென்றிருந்ததால் உயிர் தப்பிய பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரித்தவர்கள் கடமையைச் செய்தார்கள். ஆனால் எழுந்து போ என்றால், எங்கே போவது? சொந்த நிலம் உள்ளவன் இடம் மாறலாம், தோட்டத்தின் லயத்தில் இருப்பவன் தோட்டம் காட்டும் இடத்துக்குத்தான் போகமுடியும். உயிர் பிழைத்தவர்கள் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் காத்திருந்தார்கள். 2023 மார்ச் மாதத்தில் அருகிலுள்ள பூனாகலை கபரகலைத் தோட்டத்தில் மீண்டும் மண் சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் வந்த 'டித்வா' புயல் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. பதுளை மாவட்டம் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டவற்றுள் ஒன்று. மலைச்சரிவுக்கு இனம் தெரியாது. சிங்களக் கிராமத்தவரும் புதையுண்டார்கள். ஆயினும் எங்கே குடியிருப்பது என்பதைத் தாமே தீர்மானிக்கும் உரிமை சட்டப்படி இல்லாதவர்கள் லயத்து மக்கள் மட்டுமே.

நிலம் கேட்டால் மூன்று பதில்கள் தயாராக இருக்கின்றன. முதலாவது, நிலம் கம்பனிகளுடையது என்பது. இது பொய். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களின் மூலம் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992க்குப் பின்னர் அவை கம்பனிகளுக்குக் கொடுக்கப்பட்டது குத்தகைக்கு மட்டுமே. சொந்தக்காரர் அரசாங்கம். இரண்டாவது, பாதுகாப்பான நிலம் இல்லை என்பது. சுற்றுலா விடுதிகளுக்குக் கிடைக்கும் நல்ல நிலம் தொழிலாளிக்கு மட்டும் கிடைக்காதா? மூன்றாவது, சிங்களக் கிராமத்தவருக்கும் நிலம் இல்லையே என்பது. உண்மைதான். 1818இல் ஊவா கிளர்ச்சியை நசுக்கியபின்னும், 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தின் பின்னும் அவர்களிடமிருந்து நிலத்தைப் பறித்தது ஆங்கிலேய ஆட்சி. அந்தக் கணக்கைக் கூலியாகக் கொண்டுவரப்பட்டவனின் தலையில் எழுதுவது எந்த நியாயம்?

ஏழு பேர்ச்சஸ் என்றார்கள், பின்னர் பத்து பேர்ச்சஸ் என்றார்கள். இந்தியா முதலில் 4,000 வீடுகளும், 2017இல் மேலும் 10,000 வீடுகளும் அறிவித்தது. கட்டப்பட்டவற்றுக்கு நன்றி சொல்வோம். தேவையோ அதைவிடப் பல மடங்கு. நாட்சம்பளத்தை 1,750 ரூபாவாக்குவதாக 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். அதுவும் வேண்டியதே. ஆனால் சம்பளம் இருப்பவனுக்கு இன்றைய உலை கொதிக்கும், நிலம் இருப்பவனுக்குத்தான் நாளைய வாழ்வு. எத்தனை கிலோ கொழுந்து குறைந்தால் அரைப்பேர் என்று கணக்குப் பார்க்கும் வாழ்க்கையிலிருந்து ஒரு குடும்பம் வெளியேற வேண்டுமாயின், வங்கியில் காட்டுவதற்கும் பிள்ளைக்குக் கொடுப்பதற்கும் அதன் கையில் ஒரு காணி உறுதி இருக்கவேண்டும்.

இந்தப் பக்கத்தை வாசிக்கும் பலர் ரொரன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் விடுமுறைக்கு வருபவர்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் கொழும்பிலிருந்தும் எல்லவுக்குச் செல்பவர்கள். போகவேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். போங்கள். தேயிலையைப் படமெடுங்கள். திரும்பும் வழியில் ஒரு லயத்தின் இஸ்தோப்பில் அமர்ந்து, இந்த வீடு யாருடையது என்று ஒரு கேள்வி கேளுங்கள். அந்தப் பதிலை உங்கள் ஊர் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் தேயிலை வாங்கும் நிறுவனங்களுக்கும் எழுதுங்கள்.

அரசாங்கத்திடம் கேட்கவேண்டியவை எளியவை. ஆபத்தான சரிவுகளில் உள்ள லயங்களின் பட்டியலைத் தமிழிலும் சிங்களத்திலும் தோட்டந்தோறும் ஒட்டுங்கள். அந்த மக்களுக்கு அதே பிரதேசத்தில் பாதுகாப்பான நிலத்தைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் எழுதிக் கொடுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முகவரி கொடுங்கள். தோட்டப் புறங்களுக்குப் பிரதேச சபைகள் செலவிடுவதற்கு இருந்த தடை 2018இல் சட்டத் திருத்தத்தினால் நீங்கிவிட்டது. ஆகவே உல்லாசப் பயணத்தால் வரும் வருமானத்தில் ஒரு பங்கை அந்தச் சபைகளுக்கு ஒதுக்கி, லயத்து வடிகானையும் பாதையையும் திருத்துங்கள்.

எழுபது ஆண்டுகளுக்கு மேலாக மேடைகளில் உறுதிமொழிகள் கேட்டுக் கேட்டு இம்மக்களின் காது புளித்துவிட்டது. தேர்தலுக்குத் தேர்தல் உறுதிமொழி வருகின்றது. காணி உறுதிதான் வரவில்லை. அடுத்த மழைக்காலம் வரும்போது அந்தச் சரிவில் படுத்துறங்கப் போவது மேடையில் பேசியவர்கள் அல்லர்.